பெட்டிக்குள் ஒரு பிரசங்க நேரம்

“நீங்க உள்ள போய்ப் படுங்கப்பா. அம்மா வெளியே நிக்கட்டும்.”

மாமா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி மேசைக்கடியில் உருண்டு போனது. குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்பா தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். வெள்ளைப் பெயிண்ட் ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது.

அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் கேட்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று சண்டை பிடிக்கலாம், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்கலாம். அப்பாவைப் பெட்டிக்குள் போகச் சொல்வது மட்டும் ஆகாது. பால்பல் விழுவதற்கு முன்பே அம்மா மகளிடம் இதைச் சொல்லி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டபோது, “ஆகாதுன்னா ஆகாது” என்று வாயை அடைத்துவிட்டாள். அம்மாவிடம் காரணங்கள் எப்போதும் சிக்கனம், உத்தரவுகள்தான் தாராளம்.

அவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இலக்கியத்தில் எம்.ஏ. மாமாவுக்கு அவள் பெயரே அதுதான். “எம்.ஏ. எழுந்தாச்சா?” “எம்.ஏ.க்கு மூக்குக்கு மேல கோபம்.” குடும்பத் தொழில் மேஜிக். அப்பாதான் மாஸ்டர்; கறுப்புக் கோட்டும் கைக்கோலுமாக மேடையில் நிற்பவர். மாமா அம்மாவின் தம்பி. வேன் ஓட்டுவது, விளக்குப் போடுவது, கூட்டத்தில் உட்கார்ந்து முதல் கைதட்டலைத் தொடங்கி வைப்பது எல்லாம் அவர் வேலை. அம்மா பெட்டிக்குள் போகிறவள். வெட்டப்படுகிறவள், காணாமல் போகிறவள், கடைசியில் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறவள். போஸ்டரில் அப்பா ஆளுயரத்துக்கு இருப்பார். அம்மாவின் ஒரு கை மட்டும் பெட்டி ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

“மறுபடி சொல்லு” என்றார் அப்பா.

“நீங்க உள்ள. அம்மா வெளிய. அந்தப் பெரியவர் பிரசங்கம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். நீங்க அதைத் தாங்கிட்டு வந்தா, அம்மாவை அனுப்பலாமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்.”

டயர் கடைக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகைதான் அவர்களின் பட்டறை. சுவரோரம் நட்சத்திரம் ஒட்டிய பெட்டிகள், போர்வை சுற்றிய கண்ணாடிகள், மேடைக்குப் போவதை விட்டுவிட்டு ஊளைச்சதை போட்ட ஒரு முயல். நடுவில் புதிதாக, வெள்ளை வெளேரென்று, ஒரு பீடம். பார்த்தால் சாதாரண மரப்பீடம். இதற்குள் ஒரு மனுஷி இருக்க முடியாது என்று பார்க்கிறவர் யாரும் சத்தியம் செய்வார்கள். அதுதான் அப்பாவின் கெட்டிக்காரத்தனம்.

அதைச் செய்யச் சொன்னது அருள் இல்லம். வாராவாரம் ஜனம் நிரம்பி வழியும் பிரார்த்தனைக் கூடம். அங்கே பெரியவர் என்று ஒருவர் பேசுவார். பேசி முடித்துக் கையை உயர்த்தினால், வெறும் பீடத்தின் மேல் வெள்ளையுடுத்த ஒரு தாய் தோன்ற வேண்டும். கும்பிட்ட கைகளை ஆசீர்வதித்துவிட்டு மறைய வேண்டும். செயலாளர் நேரில் வந்து கேட்டுக்கொண்டார். மேடையில் அம்மா பெட்டிக்குள் இருப்பது மூச்சுவிடும் நேரம். இங்கே, ஜனம் வந்து உட்காருவதற்கு முன்பே உள்ளே மடங்கிப் படுத்து, பிரசங்கம் முடியும்வரை அப்படியே கிடக்க வேண்டும். அம்மாவின் முதுகுத்தண்டோ தேய்ந்துபோயிருந்தது. இனி குனியவே யோசிக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அம்மாவுக்கு இடுப்புப் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிடுவது அவள்தான். இழுக்கும்போது அம்மா பல்லைக் கடிப்பதைக் கேட்கிறவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

இன்னொன்றும் இருந்தது. அப்பா எந்த ஊரில் ஷோ போட்டாலும் முதலில் விளக்கைப் போடச் சொல்லி, ஜனத்தைப் பார்த்து ஒன்று சொல்வார்: “நான் ஒரு பொய்யன். உங்களை ஏமாத்தத்தான் வந்திருக்கேன். நீங்களும் ஏமாறத்தான் வந்திருக்கீங்க. யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்.” அதற்கே கைதட்டல் விழும். சின்ன வயதில் அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வரும், அப்பா தன்னைத் தானே பொய்யன் என்கிறாரே என்று. வளர்ந்த பிறகு, ஊரிலேயே யோக்கியமான மனுஷன் அப்பாதான் என்று அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே முடிவுகட்டினாள். அருள் இல்லத்தில் அதைச் சொல்லக்கூடாதாம். செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

“அத்தான், அவ ஏதோ வெயில்ல வந்திருக்கா, உளறுறா” என்றார் மாமா. “விடுங்க.”

“நான் உளறலை மாமா. நீங்க வேணும்னா உள்ள போங்க.”

“நானா? என் தொப்பையை வெளியே வெச்சிட்டு நான் மட்டும் போகலாம்.”

அப்பா சிரிக்கவில்லை. தூரிகையைத் துணியில் துடைத்து ஓரமாக வைத்தார். “சரி” என்றார்.

அவள் எதிர்பார்த்தது சண்டையை. நாலு வார்த்தை அவர் கத்துவார், எட்டு வார்த்தை இவள் கத்துவாள், அப்படியே பீடம் கிடப்பில் போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். “சரி” என்று ஒற்றைச் சொல் வந்ததும் அவள் போட்ட கணக்கு தப்பிப்போனது.

அந்த நேரம் பார்த்து அம்மா டீயோடு வந்தாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அப்பா சட்டையைக் கழற்றி பனியனோடு நிற்பதையும், பீடத்தின் பின்பலகை திறந்திருப்பதையும் பார்த்தாள்.

“என்ன நடக்குது இங்க?”

“அத்தான் உள்ள போறாராம்” என்றார் மாமா. “எம்.ஏ. உத்தரவு.”

டீ தட்டில் தளும்பியது. “ஏண்டி, உன்கிட்ட நான் என்ன சொல்லி வளர்த்தேன்?”

“காரணம் சொல்லாம வளர்த்தே. அதான் கேட்டேன்.”

“வேணாங்க” என்று அம்மா அப்பாவிடம் திரும்பினாள். “சின்னப் பொண்ணு ஏதோ பேசுறா, நீங்களும்…”

“அவ கேட்டதுல தப்பில்லை” என்றார் அப்பா. “உன்னை அனுப்புற இடம் எப்படின்னு எனக்குத் தெரியணும்.”

குனிந்து, முழங்காலை மடக்கி, சாக்குமூட்டையைத் திணிப்பதுபோலத் தன்னைத்தானே உள்ளே திணித்துக்கொண்டார். மாமா பலகையைச் சாத்தினார். பீடம் பீடமாகிவிட்டது. அப்பா இல்லை.

“பேசுங்க மாமா” என்றாள் அவள். குரல் கொஞ்சம் பிசிறியது. “பிரசங்கம்.”

மாமாவுக்கு நடிப்பென்றால் கொள்ளைப் பிரியம். தோளில் துண்டைப் போர்த்தி, முயலைப் பார்த்துக் கையை விரித்தார். “அன்பான உள்ளங்களே! துன்பம் என்றால் என்ன? துன்பம் என்பது… துன்பம். இதைப் புரிந்துகொண்டவன் துன்பப்படுவதில்லை. புரியாதவனும் துன்பப்படுவதில்லை. அரைகுறையாய்ப் புரிந்தவன்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்…”

அந்த ஒரே ஒரு வார்த்தை முடியவே இல்லை. வேறொரு நாளாயிருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, பீடத்தை ஒட்டி, காற்றுக்கு விட்டிருந்த இடுக்கின் அருகே உட்கார்ந்தாள். வலியில் முகம் ஒரு நொடி கோணி நேரானது.

“இருக்கீங்களா?”

உள்ளிருந்து ஒரு தட்டல்.

“இடது தோளை விட்டுடுங்க. இறுக்கிப் பிடிச்சா அதுதான் முதல்ல எரியும். மூச்சை எண்ணாதீங்க. எண்ணினா பத்தாத மாதிரியே இருக்கும். ராத்திரி என்ன சமைக்கலாம்னு யோசிங்க. நான் அதைத்தான் யோசிப்பேன். நீங்க வெளிய கைக்கோலைச் சுத்திக்கிட்டு நிப்பீங்க, நான் உள்ள பருப்பு ஊறப்போட்டேனா இல்லையான்னு யோசிச்சிட்டு கிடப்பேன்.”

மாமாவின் பிரசங்கம் தானாகத் தணிந்தது.

“இவர் ஏன் உள்ள போகக்கூடாது?” அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “இப்பவாவது சொல்லு.”

அம்மா இடுக்கைக் கையால் மறைத்தாள், உள்ளே கேட்டுவிடாதபடிக்கு. “கல்யாணமான புதுசு. அப்ப இவர்தான் உள்ள போவாரு, நான் வெளிய நின்னு ரிப்பனை ஆட்டுவேன். ஒரு நாள் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. ஜனம் முன்னாடி கத்தக்கூடாதே, தொழில் போயிடுமே. கத்தலை. ஷோ முடிஞ்சு உடைச்சு எடுத்தோம். என்னைப் பார்த்து, நீங்க யாரும்மான்னு கேட்டாருடி. அழுதுட்டே கேட்டாரு. விடிஞ்சப்புறம்தான் என்னைத் தெரிஞ்சுது. மறுநாள்லேருந்து நானே உள்ள போறேன்னு சொல்லிட்டேன்.”

“அவர் போகச் சொல்லலையா?”

“அவரா? என் கையைப் பிடிச்சு வேணாம் வேணாம்னாரு. நான்தான் கேட்கலை.”

அவள் எத்தனையோ வருஷமாக அப்பாவின் மேல் அடுக்கி வைத்திருந்த கோபத்தில் ஒரு வரிசை சரிந்தது. முழுவதும் சரியவில்லை. அதற்குப் பிறகு இத்தனை காலம் போஸ்டரில் ஒரு கையை மட்டும் வரைய விட்டதும் அவர்தானே என்று மிச்சக் கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கீங்களா?” என்றாள் அம்மா இடுக்கில் வாய் வைத்து.

தட்டல் வந்தது. ஒன்றுதான். ஆனால் அம்மா எழுந்துவிட்டாள். “திறடா தம்பி. அந்தத் தட்டு சரியில்லை.”

அப்பா வெளியே வந்தார் என்பதைவிட வெளியே சரிந்து விழுந்தார் என்பதுதான் சரி. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. தரையில் உட்கார்ந்து தகரக் கூரையையே பார்த்தார். அம்மா ஆறிய டீயை எடுத்து அவர் வாயருகே தானே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

“நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டாள்.

“தெரியுது” என்றார் அப்பா. “பருப்பு ஊறப்போட்டியா?”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

“இதுக்குள்ளேருந்தா நீ சிரிச்சுக்கிட்டே வெளிய வருவ?” என்று கேட்டார் அப்பா.

“வெளிய வந்துட்டோமேங்கிற சந்தோஷத்துல வர்ற சிரிப்புதான் அது. நீங்க என்ன நினைச்சீங்க, உங்க மூஞ்சியைப் பார்த்தா?”

அவள் அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். மனசு இளகியிருந்தது, ஆனால் விடுவதாக இல்லை. “இப்பச் சொல்லுங்கப்பா. பீடம் எடுத்துட்டுப் போக அந்தச் செயலாளர் வருவாரு. முடியாதுன்னு சொல்லிடலாம், இல்லையா?”

அப்பா முயலைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். அம்மா டீக்கோப்பையின் அடியைப் பார்த்தாள்.

மூன்று பேரும் மூன்று பக்கம். அவளுக்கு அந்தப் பார்வை பழக்கம். மேடையில் எதையாவது மறைக்கும் கணத்தில் இவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். ஜனத்துக்குத் தெரியாது, மேடையின் ஓரத்தில் நின்று வளர்ந்தவளுக்குத் தெரியும்.

“எதை மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லை” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதிலேயே குட்டு உடைந்தது.

“மாமா. நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் வாயில தாழ்ப்பாள் கிடையாது.”

மாமா அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “உனக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கே அந்தக் காலேஜ், அது யாருதுன்னு நினைக்கிறே? அருள் இல்லத்தோடதுதான்.”

கொட்டகைக்கு வெளியே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

இண்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய ஆய்வு கதைகளில் வரும் மாயத்தைப் பற்றியது என்று பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: கதையில் ஆள் பறந்தால் ரசிக்கிற ஜனம், வெளியே ஒருத்தன் பறப்பதாகச் சொன்னால் ஏன் காலில் விழுகிறது? அவள் யோசித்துச் சொன்னாள். கதை முதல் வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஒரே ஒரு ஊரிலே என்று. இது நடக்கவில்லை, ஆனாலும் கேள் என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறது. வெளியே இருக்கிறவன் அந்த முதல் வரியை மட்டும் முழுங்கிவிடுகிறான். மிச்சமெல்லாம் ஒரே சரக்குதான். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் ‘பிரமாதம்’ என்றார். மறுநாள் போன் வந்தது. வருகிற வாரம் சேரலாம். தெருவெல்லாம் சொன்னாள். டயர் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். யார் தயவும் இல்லாமல், என் வாயால், என் மார்க்கால் என்று அவளே அவரிடம் சொன்னாள்.

அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஆட்டிவைத்த தலைகள் அவை.

“எப்ப பேசினீங்க?” என்றாள்.

“இண்டர்வியூவுக்கு முந்தின வாரம்” என்றார் அப்பா மெதுவாக. “செயலாளர் அவராவே கேட்டாரு, பொண்ணு என்ன பண்றான்னு. சொன்னேன். சும்மா ஒரு வார்த்தை. அவரும் சும்மா ஒரு வார்த்தை சொன்னாரு, பார்த்துக்கலாம்னு. அப்புறம்தான் பீடத்தைப் பத்திப் பேச்சு வந்தது.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியாததுபோல முகம் ஆனது. “வழி தெரிஞ்சா சந்தோஷம் போயிடுமே, பாப்பா. எப்படி வந்துச்சுன்னு தெரியாம கையில வந்து விழணும். அப்பதானே கண்ணு விரியும்? உனக்கும் விரிஞ்சுதே.”

அவருக்கு வேறு விதமாகக் கொடுக்கத் தெரியாது. அவள் காதுக்குப் பின்னாலிருந்து மிட்டாயை எடுத்துக் கொடுத்த கைக்கு வேலையையும் அப்படித்தான் எடுத்துக் கொடுக்க வந்தது. ஆயுசு முழுக்க அவர் செய்த பிழைப்பே, வழியை மறைத்துச் சந்தோஷத்தை நீட்டுவது. அது வீட்டுக்கு ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“நான் என்ன, முன் வரிசையில உட்கார்ந்து கைதட்டுற ஜனமாப்பா?” என்றாள் அவள். “நான் உங்க பொண்ணு. எனக்கும் சேர்த்தா விளக்கை அணைப்பீங்க?”



“அவரைத் திட்டாதே” என்றாள் அம்மா. “நானும்தான் சரின்னேன். போன் வந்த அன்னைக்கு நீ தூக்கத்துல சிரிச்சேடி. நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ஊர் ஜனத்துக்காக இவ்வளவு நாள் மடங்கினவ, உனக்காகக் கொஞ்ச நேரம் மடங்கினா தேஞ்சா போயிடுவேன்?”

“தேஞ்சுதான் போயிட்டேம்மா. டாக்டர் படம் எடுத்துக் காட்டினாரே.”

“டாக்டர் கிடக்கான்.”

“அம்மா, என்னைப் பார்த்துச் சொல்லு. உனக்கு அங்கே போகணும்னு இருக்கா? எனக்காக இல்லை. உனக்கு.”

அம்மா கோப்பையைத் தரையில் வைத்தாள்.

“முந்தாநாள் ஒத்திகை பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? பழைய பெட்டியை வெச்சு. கூடம் காலியா இருக்கும்னுதான் சொன்னாங்க. உங்க அப்பா பின்னாடி விளக்குக்கிட்ட நின்னுட்டாரு. நான் எழுந்து கையைத் தூக்கினேன். மூலையில ஒரு பொம்பளை இருந்திருக்கா. கூட்டிப் பெருக்க வந்தவளோ என்னவோ. என் வயசுதான். ஓடி வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டா. ‘அம்மா, உங்ககிட்ட வந்துட்ட என் பிள்ளை அங்கே எப்படி இருக்கான்? சாப்பிடுறானா?’ன்னு கேட்டா.”

தாடையைச் சொறிந்துகொண்டிருந்த மாமாவின் கை அப்படியே நின்றது. அப்பா நிமிர்ந்தார். இது அவருக்கும் புதிது.

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தைச் சொல்ல? சிரிச்சேன். மேடையில சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. வேற எதுவும் எனக்கு வரலை. அவ அதையே பதிலா எடுத்துக்கிட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறா. சரி, நல்லதுதானே பண்ணினோம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தா தூக்கம் வரலை. அடுத்த வாரமும் அவ வருவா. என்னையேதான் பார்த்துக்கிட்டு இருப்பா. உங்க அப்பா முன்னாடி வந்து, இவ என் பெண்டாட்டி, இது பொய்னு சொன்னா அவ என்னை விட்டுடுவா. அவர் சொல்லலைன்னா நான் யாருடி அவளுக்கு?”

அப்பா எழுந்தார். கால் இன்னும் மரத்துப் போயிருந்தது. பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அம்மாவின் பக்கத்தில் வந்து அவள் தலையில் கை வைத்தார். அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படித் தொட்டுக்கொள்வதில்லை. மாமா சட்டென்று முயலுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார்.

“நீங்க அவகிட்ட சொன்னீங்களா? அதே மாதிரிதான்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பாசத்தையும் இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் ஒளித்துத்தான் வைப்பார்கள் போலிருக்கிறது என்று எரிச்சலாகவும் இருந்தது.

“நான் அந்த வேலைக்குப் போகலை” என்றாள்.

“அவசரப்படாதே” என்றார் மாமா அங்கிருந்தே. “பீடம் வேற, வேலை வேறன்னு பேசிப் பார்க்கலாம்.”

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. நான் கிளாஸ்ல நின்னு கதையைப் பத்திப் பேசும்போதெல்லாம் அம்மா உள்ள மடங்கிக் கிடப்பா. எனக்கு நாக்கு எழும்பாது.”

“வேற வேலைக்கு எங்கே போவ? நமக்கு யாரைத் தெரியும்?” என்றாள் அம்மா. அதுதான் அம்மாவின் உண்மையான பயம். படிக்க வைத்ததே பெரிய வித்தை. அதற்கப்புறம் என்ன செய்வதென்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“தேடுவேன். கிடைக்கலைன்னா இன்னும் தேடுவேன். கத்தாதேன்னு மட்டும் சொல்லாதே, கத்திக்கிட்டேதான் தேடுவேன்.”

வாசலில் ஹாரன் அடித்தது. பெரிய வண்டியின் ஹாரன். டயர் கடைக்காரர் யாருக்கோ வழி சொல்லும் சத்தம் கேட்டது.

அப்பா அவசரமாகச் சட்டையைத் தேடினார். “நான் போய்ப் பேசுறேன். பக்குவமாச் சொல்லணும்.”

“நீங்க பக்குவமாப் பேசினா, பீடத்தோட நம்ம வேனையும் ஏத்தி அனுப்பிடுவீங்க அத்தான்” என்றார் மாமா.

“அவருக்கு முகத்தை முறிச்சுப் பேசத் தெரியாது” என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள். பிறகு மகளை மேலும் கீழும் பார்த்தாள். “அந்த விஷயத்துல நீ யாரைக் கொண்டு பிறந்தேன்னு எனக்கே தெரியலை.”

“உன்னைத்தான். நீ உள்ளேயே இருந்ததால யாருக்கும் தெரியலை.”

அம்மா சிரித்தாள். மேடைச் சிரிப்பு இல்லை இது. ஒரு பல் தெத்தியிருப்பது தெரிகிற, வாயைப் பொத்திக்கொள்ளும் சிரிப்பு. “போ. ஆனா மரியாதையாப் பேசு. வயசுல பெரியவர்.”

“பார்க்கலாம்.”

அப்பா சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி, ஏதோ சொல்ல வந்தவராக அவளைப் பார்த்தார். அவள் நின்று, அவருடைய மற்றக் கையைப் பிடித்துச் சட்டைக்குள் விட்டாள். பித்தான்களை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று திரும்பினாள்.

கொட்டகைக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. செயலாளர் வண்டியிலிருந்து இறங்கி, கையைக் குவித்துக்கொண்டு, முகம் மலர நின்றார்.

“வாங்க, வாங்க, புரொஃபசரம்மா!”

டயர்களைத் தாண்டி அவரை நோக்கி நேராக நடந்தாள்.